பெட்டிக்கு முன்னால் ஓர் ஆள்

கறுப்பு வெள்ளைப் பெட்டி காலத்தில் ஒரு வீட்டில் படம் ஒழுங்காக வர இரண்டு பேர் வேண்டும். மொட்டைமாடியில் ஒருவர் ஆன்டெனாக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே ஒருவர் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். மாடிப்படியில் மூன்றாவதாக ஒருவர் நின்று, கீழே இருந்து சத்தத்தை வாங்கி மேலே கொடுத்தால் இன்னும் வசதி.

“வந்துச்சா?”

“கோடு கோடா வருது!”

“இப்போ?”

“இருந்ததும் போச்சு!”

“இப்போ?”

“ஆ... வந்துச்சு, வந்துச்சு! அப்படியே நில்லுங்க! அசையாதீங்க!”

அப்படியே நிற்கச் சொன்ன ஆளைச் சில வீடுகளில் மறந்தே போவார்கள். கீழே குடும்பம் மொத்தமும் வாயைப் பிளந்துகொண்டு படம் பார்க்கும். மேலே மெக்கானிக் வெயிலில் குழாயைப் பிடித்தபடி, “இறங்கலாமாங்க?” என்று யாருக்கும் கேட்காமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

அந்தப் பகுதியில் பதினொரு வருஷம் அப்படி நின்றவரை எல்லாரும் ‘மீட்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கென்று ஒரு பெயர் இல்லாமல் இல்லை. கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்தார்கள். அதோடு அதன் வேலை முடிந்தது.

மீட்டர் வேலை பார்த்த கடைக்கு இரண்டே அறை. முன்னறையில் புதுப் பெட்டிகள், மரக் கதவு போட்டு, கால் வைத்து, அலமாரி மாதிரி நிற்கும். பின்னறையில் நோய்வாய்ப்பட்ட பெட்டிகள் முதுகைத் திறந்துகொண்டு கிடக்கும். அங்கேதான் மீட்டரின் ராஜ்ஜியம். மற்ற மெக்கானிக்குகள் ரெசிஸ்டர் என்கிற பொடிச் சாமானைக் கையில் எடுத்ததும், அதன் உடம்பில் இருக்கும் வண்ண வளையங்களைப் பார்த்தே அளவைச் சொல்லிவிடுவார்கள். இவர் அப்படிச் சொல்ல மாட்டார். ஒவ்வொன்றையும் மீட்டர் என்கிற அளவுகருவியில் வைத்து, முள் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்து, அளவைப் பென்சிலால் துண்டுச் சீட்டில் எழுதி, தீப்பெட்டிக்குள் போட்டு, தீப்பெட்டி மேலும் எழுதி வைப்பார். அவசரம் என்று யார் கத்தினாலும் சரி, அளக்காமல் ஒரு துண்டுக் கம்பியைக்கூடப் பற்றவைக்க மாட்டார்.

“எங்க ஆளு கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுல்ல வேலை பாப்பாரு” என்று கடை முதலாளியம்மா வருகிறவர்களிடம் எல்லாம் பெருமை அடிப்பார். அவர் கணவர் ஆரம்பித்த கடை அது. கணவரைவிட நன்றாக நடத்தியவர் அவர்தான் என்று கணவரே சொல்லிவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தாராம்.

உண்மை வேறு. மீட்டருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. பழுப்பும் அந்தக் கூட்டத்தோடு சேர்த்தி. நீலம் தெரியும், மஞ்சள் தெரியும், மற்றதெல்லாம் ஒரே மண். பள்ளிக்கூடத்தில் வண்ணக் குச்சிகளைச் சுற்றியிருக்கும் காகிதத்தில் நிறத்தின் பெயர் எழுதியிருக்கும். அது இருக்கிறவரை அவர் கெட்டிக்காரப் பிள்ளை. ஒருநாள் காகிதமெல்லாம் உரிந்துபோன பெட்டி ஒன்று கைக்கு வந்தது. மரம் வரைந்து, இலைகளுக்கு ரத்தச் சிவப்பைப் பூசிவிட்டார். குறும்புக்குச் செய்தான் என்று நினைத்த வாத்தியார், அந்தப் படத்தை அவர் முதுகில் ஒட்டிப் பள்ளிக்கூடம் முழுக்கச் சுற்ற வைத்தார். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டவர்தான். பெற்ற தாய்க்குக்கூடச் சொல்லவில்லை.

வயர்களுக்கும் அப்படி ஒரு வழி வைத்திருந்தார். எந்த வயர் எங்கிருந்து புறப்பட்டு எங்கே போய்ச் சேருகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போவார். அதையும் நிதானம் என்றே ஊர் சொன்னது.

இவரைப் போன்ற ஒருவர் ஏன் இந்த வேலைக்கு வந்தார் என்று கேட்டால், அதற்கும் காரணம் அந்தப் பெட்டிதான். வேலை தேடி வந்த நாளில் கடையில் ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு தோட்டம், ஒரு பெண் பூப்பறிக்கிறாள். சுற்றி நின்ற நாலு பேரும் பார்த்தது கறுப்பும் வெள்ளையும் சாம்பலும். இவரும் பார்த்தது அதேதான். உலகத்தில் எதையாவது, மற்றவர்கள் பார்க்கிற மாதிரியே, துளி கூடக் குறையாமல் தானும் பார்க்கிறோம் என்று அவருக்கு முதல் முதலாகத் தெரிந்த இடம் அந்தக் கண்ணாடித் திரை. அந்த நன்றி அவருக்கு இன்றுவரை போகவில்லை.

வாய்த்த மனைவி நூல்கடையில் வேலை பார்த்தாள். இதை வேடிக்கை என்பதா, சோதனை என்பதா தெரியவில்லை. தையல்காரர்கள் துணித் துண்டை மேஜை மேல் வைத்து முடிப்பதற்குள், நானூறு கண்டுகளில் இருந்து பொருத்தமான ஒன்றை உருவிப் போட்டுவிடுவாள். “வெள்ளையிலயே எங்ககிட்ட பதினாலு வெள்ளை இருக்கு” என்பாள். அப்படிப்பட்ட கண்காரிக்குத் தெரியாமல் ஆறு வருஷம் குடும்பம் நடத்தியதை மீட்டரின் சாமர்த்தியம் என்றுதான் சொல்ல வேண்டும். புதுத் துணி உடுத்திக்கொண்டு வந்து நின்றால், “உனக்கு எடுப்பா இருக்கு” என்பார். நிறத்தைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டார். ஒரே ஒரு இடத்தில்தான் தடுக்கியது. தக்காளி வாங்கிவரச் சொன்னால் பாதி காயாக வரும்.

“பழமா பாத்து வாங்கத் தெரியாதா? கடைக்காரன் தலையில கட்டுறதை அப்படியே வாங்கிட்டு வர்றதா?”

“நாலு நாள்ல பழுத்துடும்.”

“நாலு நாளுக்கு உங்களைப் பட்டினி போடவா?”

கல்யாணமான இரண்டாவது மாசத்தோடு தக்காளி இலாகா அவர் கையைவிட்டுப் போனது. கவனமில்லாத மனுஷன் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். நல்லதாகப் போயிற்று என்று அவரும் இருந்துவிட்டார்.

கலர் வந்தது.

முதலாளியம்மா ஒருநாள் காலையில் கூப்பிட்டார். மேஜை மேல் ஒரு கடிதம். பறக்காமல் இருக்க, செத்துப்போன ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்த வளையத்தை அதன் மேல் வைத்திருந்தார்.

“மீட்டர், உக்காருங்க. அடுத்த மாசம் ஒன்பது கலர் பெட்டி வருது. அதுக்கு முன்னாடி ஒண்ணு, தபால் சார் வீட்டுக்கு நேராப் போகுது. இனிமே கறுப்பு வெள்ளையை யாரும் சீந்த மாட்டாங்க. இந்தக் கடிதாசு எழுதினவன் கலர்ல பயிற்சி எடுத்தவனாம். வேலை கேக்கறான். ரெண்டு மெக்கானிக் வெச்சுக்க நம்ம கடைக்குத் தெம்பு கிடையாது.”

மீட்டரின் கண் அந்தக் கடிதத்துக்குப் போனது.

“நீங்க பதினொரு வருஷ ஆளு. உங்களை விட்டுட்டு அவனை எடுக்க எனக்கு என்ன பைத்தியமா? ஆனா கலர் உங்களால ஆகும்னு எனக்குத் தெரியணும். தபால் சார் வீட்டுப் பெட்டியை வெச்சுக் குடுங்க. நல்ல பேரு வந்தா அவனுக்கு இல்லைன்னு எழுதிடறேன்.”

“சரிங்கம்மா” என்றார். வேறு என்ன சொல்ல? முப்பத்தேழு வயசு. வேறு தொழில் தெரியாது.

தபால் சார் என்பவர் தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் அவருடைய அக்காவும் மட்டும்தான் அந்த வீட்டில். சார் எதையும் விளக்கிச் சொல்கிற மனுஷர். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். அக்கா யார் சொன்னதையும் நம்பாத மனுஷி.

வண்டியில் குலுங்கி வந்த பெட்டியில் படம் வந்தது, நிறம் மட்டும் நிலைகொள்ளாமல் இருந்தது. கலர் பெட்டியின் முதுகில் மூன்று சின்னத் திருகுகள். ஒன்று சிவப்புக்கு, ஒன்று பச்சைக்கு, ஒன்று நீலத்துக்கு. எது எதற்கு என்று எழுத்துப் போட்டிருந்தது. பழைய வண்ணக் குச்சிக் காகிதம் மாதிரி. ஆனால் எதை எவ்வளவு திருப்புவது? வெள்ளை வெள்ளையாகத் தெரியும்வரை திருப்பவும் என்றது கூட வந்த புத்தகம். மீட்டர் வழக்கம்போலப் பெட்டிக்கு எதிரே நாற்காலியில் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தார். பின்னால் இருந்தபடி திரையைப் பார்க்க அதுதான் வழி. இரண்டு கையும் பட்டால் மின்சாரம் உயிரை வாங்கிவிடும் என்பதால் இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, வலது கையால் திருகினார். கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாக வந்தது. அவர் கண்ணுக்கு வந்தது. மூடியைப் பூட்டினார்.

“எப்படி இருக்கு சார்?” என்றார்.

இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கலர்ப் படம் என்பதை அதற்கு முன்னால் அவர்கள் பார்த்ததில்லை.

“பிரமாதம்” என்றார் தபால் சார்.

மூன்று வாரம் ஓடியது. முதலாளியம்மா போன் போட்டு விசாரித்தார். பிரமாதம், பிரமாதம் என்றே பதில் வந்தது. “திங்கக்கிழமை அவனுக்கு இல்லைன்னு எழுதிடறேன் மீட்டர்” என்றார். மீட்டருக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

சந்தோஷத்தில் தபால் சார் மீட்டரையும் அவர் மனைவியையும் சனிக்கிழமை சாயங்காலம் கலர் பார்க்க வீட்டுக்குக் கூப்பிட்டார். தெருவில் பாதி ஏற்கெனவே பார்த்துவிட்டுப் போயிருந்தது. நூல்கடையில் இருந்து நேராக வந்த மனைவி, நடுக்கூடத்தில் உட்கார்ந்தாள். செய்தி வாசிக்கும் பெண் திரையில் வந்தாள்.

முகம் பாசி பிடித்த சுவர் மாதிரி இருந்தது.

மனைவி கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். அடுத்து ஒரு மந்திரி வந்தார். அவருக்கும் பாசி. ஒரு கைக்குழந்தையைக் காட்டினார்கள். பாவம், அதற்கும்.

“பாத்தியாம்மா?” என்றார் தபால் சார். “முதல்ல கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கும். அது அங்க போடற விளக்கோட வெளிச்சம். கலர்ப் படம் பிடிக்கணும்னா அப்படி ஒரு விளக்குப் போட்டுத்தான் ஆகணும். தெருவுல எல்லாருக்கும் விளக்கமா சொல்லியிருக்கேன்.”

அக்கா இவள் காதருகே குனிந்தார். “நான் அந்தப் பொண்ணுக்குப் பித்தம் தலைக்கேறியிருக்குன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா வர்றவன் போறவன் எல்லாருக்கும் பித்தம். நேத்து ஒரு நாய்க்கும் இருந்துச்சு. சரி, கலர்னா இப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்.”

மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டு, பரீட்சையில் பாஸானவர் மாதிரி அமைதியாக உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்த நொடியில் அவளுக்கு ஆறு வருஷத்துக்கு முந்தைய தக்காளி ஞாபகத்துக்கு வந்தது.

“நல்லா இருக்குங்க” என்றாள். “பின்னாடி லேசா சூடு வாசனை வருது. நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே, ஒருதரம் வந்து பாத்துடச் சொல்றேன்.”

“எனக்கு ஒண்ணும் வரலையே” என்றார் மீட்டர்.

“எனக்கு வருது” என்றாள். அந்தக் குரலுக்கு அப்பீல் கிடையாது என்று அவருக்குத் தெரியும்.

வீடு வந்து சேர்ந்தார்கள். கதவைச் சாத்தியதும் பையில் இருந்து இரண்டு நூல் கண்டுகளை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

“இது ரெண்டும் என்ன நிறம்?”

மீட்டர் பார்த்தார். இரண்டும் ஒன்றாக இருந்தன. அப்படி இருக்காது, இருந்தால் கேட்க மாட்டாள்.

“ஒண்ணு... கொஞ்சம் வெளுப்பு.”

“நிறத்தைச் சொல்லுங்க.”

அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாத்தியார், மரம், முதுகில் ஒட்டிய படம், தீப்பெட்டிகள் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்தபோது அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவளுக்கு வந்தது கோபம்.

“தக்காளிக்கு உங்களை எவ்வளவு திட்டியிருக்கேன்! ஒருதரம் வாயைத் திறந்து சொன்னா என்ன கொறைஞ்சா போயிடும்? பாவத்தை எல்லாம் என் தலையில கட்டிட்டு நீங்க பாட்டுக்கு உக்காந்திருந்தீங்களா?”

“நூல்கடைக்காரிகிட்ட போயி எப்படிச் சொல்றது?”

“நூல்கடைக்காரிகிட்டதான் சொல்லணும். வேற யாருகிட்ட சொல்லுவீங்க, பால்காரர்கிட்டயா?”

பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. “அந்த மந்திரி...” என்றாள். “ஐயோ, அந்தக் குழந்தை...” மீட்டருக்கு முதலில் ரோஷமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவரும் சிரித்தார். முப்பது வருஷத்தில் அந்த விஷயத்துக்காக அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

சிரிப்பு அடங்கியதும் பயம் திரும்பி வந்தது. “திங்கக்கிழமை அம்மா அந்த ஆளுக்கு இல்லைன்னு எழுதப் போறாங்க. பின்னாடியே ஒன்பது பெட்டி வருது. ஒன்பது வீட்டுலயும் பாசி பிடிக்க வெச்சேன்னா என்ன ஆகும்? கலர் என்னால ஆகாது. நான் பார்க்கவே முடியாததை எப்படிச் சரிபண்றது?”

அவள் நூல் கண்டுகளைப் பைக்குள் போட்டாள். “ஆன்டெனா திருப்பறீங்களே, மாடியில நின்னா உங்களுக்குப் படம் தெரியுதா?”

“தெரியாது.”

“அப்புறம் எப்படித் திருப்பறீங்க?”

“கீழ இருக்கறவங்க சொல்லுவாங்க.”

“அவ்வளவுதானே” என்றாள். உலை வைக்க எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை தபால் சார் வீட்டுக்கு இரண்டு பேரும் போனார்கள். அவள் கையில் ஒரு வெள்ளை நூல் கண்டு. பதினாலு வெள்ளையில் அதுதான் அசல் வெள்ளையாம். கண்ணாடி சாய்த்து வைத்திருந்த நாற்காலியில் அவளே உட்கார்ந்தாள். மீட்டர் முதுகைத் திறந்து, இடது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

“வந்துச்சா?”

“இல்லை, இன்னும் பாசி. பச்சையைக் குறைங்க. குறைங்க... ஐயையோ, இப்போ சண்டை போட்டுட்டு வந்தவங்க மாதிரி சிவந்துட்டாங்க. கொஞ்சம் பின்னாடி வாங்க.”

நூல் கண்டைத் திரையில் இருந்த ஒரு வெள்ளைச் சட்டைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். “நீலம் ஒரு துளி... ஒரு துளின்னா ஒரு துளி! ஆங்.”

அதற்குப் பிறகு சத்தம் இல்லை.

“என்னாச்சு?”

“வந்துடுச்சு” என்றாள். “மனுஷ முகம்.”

மீட்டர் எழுந்துவந்து பார்க்கவில்லை. வந்து பார்த்தால் மட்டும் என்ன தெரியப் போகிறது? தன் மீட்டரை எடுத்து, மூன்று திருகுக்கும் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, தீப்பெட்டி முதுகில் மூன்று எண்களை எழுதிக்கொண்டார்.

அக்கா திரைக்குக் கிட்டே போய், அதில் வந்த பெண்ணைப் பார்த்தார். “அட, இவ நம்மள மாதிரி ஒருத்தியா!” என்றார். “பித்தம் எல்லாம் இறங்கிடுச்சே.”

தபால் சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. “விளக்கை மாத்திட்டாங்க போல” என்றார்.

“விளக்கு இல்ல சார்” என்றார் மீட்டர் பின்னால் இருந்து. “நான் வெச்சதுதான் தப்பு. எனக்குச் சிவப்பு பச்சை தெரியாது.”

சார் அக்காவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “தம்பி, நீங்க இதை என்கிட்ட சொல்லியிருக்க வேண்டாம். தெருவுக்கே விளக்குன்னு சொல்லிட்டேன். விளக்காவே இருந்துட்டுப் போகட்டும். நானும் சொல்லலை, நீங்களும் சொல்லாதீங்க” என்றார்.

ஆக, காரியம் அதோடு முடிந்திருக்கலாம். வெளியே யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் வருகிற ஒன்பது பெட்டியும் வேலைநாளில் போகும். மனைவி அப்போது நூல்கடையில் நிற்பாள். முன்னால் உட்காருகிற ஆளிடம், ‘எனக்குத் தெரியாது, நீங்க சொல்லுங்க’ என்று கேட்டே ஆக வேண்டும். கேட்டால் கதை ஒரு நாளில் கடைக்கு வந்து சேரும். மற்றவர் வாயால் போவதற்கு முன்னால் தன் வாயால் போகட்டும் என்று முடிவு செய்தார். மனைவி சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். “சொன்ன உடனே எதையாவது தூக்கிக் காட்டி இது என்ன நிறம்னு கேப்பாங்க. எல்லாரும் கேப்பாங்க. தெரியலைன்னு சொல்லிடுங்க, ஊகிக்காதீங்க” என்றாள்.

திங்கட்கிழமை முதலாளியம்மா கையில் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். காந்த வளையம் ஓரமாக நகர்ந்திருந்தது. மீட்டர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பாசி பிடித்த மந்திரியைக்கூட விடவில்லை.

முதலாளியம்மா பேனா மூடியைத் தூக்கிக் காட்டினார். “இது என்ன நிறம்?”

“தெரியலைம்மா. நீலமா இருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“அப்போ அந்த ரெசிஸ்டர்... ஒண்ணொண்ணா மீட்டர்ல வெச்சு...”

“அதுக்குத்தாம்மா.”

“நான் ஊரெல்லாம் விளக்கெண்ணெய்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே மீட்டர்!”

மீட்டர் தலையைக் குனிந்துகொண்டார். முதலாளியம்மா கடிதத்தைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். முன்னறையில் அன்று காலை வந்து இறங்கிய கலர் பெட்டிகள் அட்டைக்குள் நின்றன.

“ஒண்ணைப் பிரிக்கட்டுமாம்மா?” என்றார் மீட்டர். “நீங்க முன்னாடி உக்காருங்க. ஆகலைன்னா அந்த ஆளுக்கு வாங்கன்னு எழுதுங்க. நானே தபால்ல போட்டுட்டு வீட்டுக்குப் போயிடறேன்.”

முதலாளியம்மா எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

பெட்டிக்கு உயிர் வந்தது. மீட்டர் முதலில் தீப்பெட்டியில் எழுதிய மூன்று எண்களுக்கு முள்ளைக் கொண்டுவந்து நிறுத்தினார். “இப்போ சொல்லுங்கம்மா. திரையில இருக்கற முகத்தைப் பாருங்க. அப்புறம் உங்க கையைப் பாருங்க.”

“கிட்டத்தட்ட சரியா இருக்கு... இல்ல, லேசா சோகை பிடிச்ச மாதிரி... ஆங், இப்போ தேவலாம். இன்னும் கொஞ்சம். போதும், போதும்! ஏன் மீறிப் போறீங்க? பின்னாடி வாங்க.” பதினொரு வருஷம் பெட்டி விற்ற அம்மாவிடம், படம் எப்படி இருக்க வேண்டும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. குரலில் அதிகாரம் ஏறிக்கொண்டே போனது. “இன்னும் ஒரு மயிரிழை. நில்லுங்க.”

பிறகு பேச்சு நின்றது. மீட்டர் பின்னால் காத்திருந்தார். நேற்று மனைவியிடம் கேட்ட அதே மௌனம்.  அவராகவே மூடியை எடுத்துப் பூட்டத் தொடங்கினார்.

“நான் இன்னும் சரின்னு சொல்லலையே” என்றார் முதலாளியம்மா.

“தெரிஞ்சுடுச்சும்மா.”

முதலாளியம்மா மேஜைக்குத் திரும்பிப் போய்க் கடிதம் எழுதினார். எழுதிக்கொண்டே சொன்னார்: “அந்த ஆளு வந்தா அவன் கண்ணுக்குப் பிடிச்ச மாதிரி வெச்சுட்டுப் போவான். அப்புறம் ரெண்டு நாள் கழிச்சு, மாமியாருக்குப் பிடிக்கலை, மருமகளுக்குப் பிடிக்கலைன்னு எனக்குத்தான் போன் வரும். நீங்க ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு ஆளை முன்னாடி உக்கார வைங்க. அவங்க வாயால சரின்னு சொன்ன பிறகுதான் பூட்டணும். பிறகு குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?” உறையை நாக்கால் தடவி ஒட்டினார். “இந்தாங்க, தபால்ல போடுங்க. போட்டுட்டு வீட்டுக்குப் போயிடாதீங்க, எட்டு பெட்டி இருக்கு.”

அன்றிலிருந்து இருபத்தாறு வருஷம் மீட்டர் கலர் பெட்டிகளைச் சரிபண்ணினார். கடைக்கே அது ஒரு வழக்கமாகிவிட்டது. “உங்க வீட்டுல நல்ல கண்ணு யாருக்கு?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைவார். அதற்கே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சண்டை நடக்கும். சில வீடுகளில் சிவப்பு தூக்கலாக வேண்டும். சிலருக்கு எல்லாரும் கொஞ்சம் வெளுப்பாக இருந்தால் திருப்தி. ஒரு வீட்டில் கணவன் சொன்னதற்கு நேர் எதிராக மனைவி சொல்ல, இரண்டு பேரையும் ஒரே நாற்காலியில் உட்கார வைத்து முடித்துவிட்டு வந்தார். தனக்குத் தெரியாது என்பதை எந்த வீட்டிலும் மறைக்கவில்லை. பேனா மூடியும் சட்டைப் பொத்தானும் தூக்கிக் காட்டிக் கேட்டவர்கள் உண்டு. ஆனால் அவர் முதுகில் ஒருவரும் எதையும் ஒட்டவில்லை. “அப்படியா? சரி, நான் சொல்றேன், நீங்க திருப்புங்க” என்று உட்கார்ந்தவர்கள்தான் அதிகம். வாத்தியாருக்குப் பயந்து முப்பது வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு, ஊர் அத்தனையும் வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டது என்று மனைவியிடம் சொல்வார்.

இப்போது அவர்கள் வீட்டுச் சுவரில் படச் சட்டம் மாதிரி மெலிசான பெட்டி ஒன்று தொங்குகிறது. திறக்க முதுகே இல்லாத பெட்டி. மகள் வாங்கி மாட்டிவிட்டுப் போனாள். போனவாரம் மனைவிக்குக் கண்புரை அறுவை முடிந்து கட்டை அவிழ்த்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பெட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு, அவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார் மீட்டர். ரிமோட்டை எடுத்துக்கொண்டு பழக்க தோஷத்தில் பெட்டியின் ஓரமாக, சுவரோடு ஒட்டிப்போய் நின்றார்.

“அங்க எதுக்குப் போய் நிக்கறீங்க? இங்க வந்து உக்காருங்க.”

“முதல்ல நீ சொல்லு. வந்துச்சா?”

அவள் திரையைப் பார்த்தாள். பேச்சு நின்றது.

மீட்டர் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே” என்றாள்.

“சரி, சொல்லு.”

“தக்காளி வாங்கணும். வாங்க, சேர்ந்து போவோம்.”